அடுத்து எடுப்பவருக்கு

முதலில் ஒன்று:
இந்தப் புத்தகத்துக்கு அட்டை கிடையாது.
நான் கிழிக்கவில்லை, வரும்போதே இப்படித்தான்.
முதுகைத் தடவிப் பார்,
மூன்று லேபிள் ஒட்டிச் சுரண்டிய தடம் இருக்கும்.
துப்பறியும் கதை என்று ஒட்டினாராம் தனபாக்கியம் மேடம்.
ஒரு வாரத்தில் ஒருவர் வந்து சண்டை:
"இதுல பேய் வருதே!"
பேய் ரேக்குக்குப் போனது.
அங்கே எடுத்தவன் சொன்னான்:
"பேய் கணக்குல்ல போடுது."
இப்போது அஸ்தம்பட்டி கிளை நூலகத்தில்
தண்ணீர் கேனுக்குப் பக்கத்து ஸ்டூல்தான் அதற்கு இடம்.
அங்கேதான் நீயும் எடுத்திருப்பாய்.

என்ன கதை என்று ரஹ்மத்நிஷா கேட்டாள்.
ஒரு ஊரில் வியாழக்கிழமைகள் காணாமல் போகின்றன.
யாரோ திருடுகிறார்கள்.
ரேடியோ ரிப்பேர் செய்கிற பெண், நம் வயசு,
செத்துப்போன கணக்கு வாத்தியாரின் குரலை
மீடியம் வேவில் பிடிக்கிறாள்.
திருடன் மேல் அவளுக்கு...
வேண்டாம், சொல்ல மாட்டேன்.
நடுவில் பதினோரு பக்கம் வெறும் மளிகை லிஸ்ட்.
தாண்டிப் போய்விடாதே, அழுகை அங்கேதான் இருக்கிறது.

"அப்போ லவ் ஸ்டோரியா?"
"ஆமா. இல்ல."
"சயின்ஸா?"
பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கூட்டிப்போய்
ஒரு தட்டுவடை செட் வாங்கி அவள் கையில் வைத்தேன்.
பீட்ரூட், கேரட், வெங்காயம்,
சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி.
"இது இனிப்பா, புளிப்பா, காரமா? ஒண்ணுதான் சொல்லணும்."
வாய் நிறைய இருந்ததால் அவள் சொல்லவில்லை.
அறுபத்து நாலாம் பக்கத்துச் சிவப்பு
ரத்தம் இல்லை, அதுதான். மன்னிக்கவும்.

நான் இதை ஏற்காடு பஸ்ஸில் படித்தேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஐந்தாவதில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்,
முன் சீட்டு அக்கா திரும்பினாள்.
ஒன்பதாவதில் காது அடைத்தது,
அதே வரியில் வாத்தியார் கரகரத்தார்,
எது பஸ், எது புத்தகம் என்று தெரியவில்லை.
பத்தாவதில் எப்போதும் போல மூடி வைத்தேன்.
அது வேறு விஷயம்.
பதினாலில் பனி உள்ளே ஏறி எழுத்து நனைந்தது.
ஒண்டிக்கடையில் இறங்க மறந்து
பஸ் ஸ்டாண்டு வரை போய்
நடந்தே திரும்பினேன்.

சரி, அந்த வேறு விஷயம்.
போன ஆனியில் அண்ணன் ஜெரால்டு
பத்தாவது வளைவில் பைக்கோடு விழுந்தான்.
பதினெட்டு நாள் ஜி.எச்.
ஐ.சி.யூ. வாசலில் அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த
அதே வாரத்தில்தான்
என் பிசிக்ஸ் ரெக்கார்டுக்குள் ஒருவன் கடிதம் வைத்தான்.
அதே வாரத்தில்தான்
யாரோ கொண்டுவந்த மாம்பழப் பை காணாமல் போய்,
நானும் சித்தப்பாவும் மாடி மாடியாகத் துப்பறிந்து
மொட்டைமாடியில் கொட்டையோடு
ஒரு குரங்கைக் கையும் களவுமாகப் பிடித்தோம்.
சிரித்தேன். வராந்தாவில், வயிறு வலிக்க.
சிரித்ததற்காக அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.
அந்தப் பதினெட்டு நாளை
எந்த ரேக்கில் வைப்பீர்கள் மேடம் என்று
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.
அவர் ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் நன்றாக இருக்கிறான்.
இடது காது மட்டும் கேட்காது.
வலது பக்கம் உட்கார்ந்து
ரேடியோ வருகிற பகுதியை அவனுக்கு வாசித்தேன்.
வாத்தியார் பேச ஆரம்பித்ததும்
"எனக்கும் கேட்டுச்சு" என்றான்,
"அந்தப் பக்கம்."
இடது காதைத் தொட்டுக் காட்டினான்.
எதைக் கேட்டான், எப்போது கேட்டான் என்று
இன்னும் நான் விசாரிக்கவில்லை.

பேய் மட்டும் போதும் என்றால் இதை எடுக்காதே.
காதல் மட்டும் என்றாலும் வேறு பார்,
இரண்டாவது ரேக்கில் நிறைய இருக்கிறது, நல்லவைதான்.
கடைசி மூன்று பக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.
உனக்குப் பிடித்தால்
இந்தச் சீட்டின் பின்பக்கம் எழுது, சண்டை போடலாம்.

பதினான்கு நாள் தவணை.
கடைசி நாள் வியாழக்கிழமையாக இருந்தால்
எதற்கும்
புதன்கிழமையே கொடுத்துவிடு.

மெர்சி ஸ்டெல்லா,
பன்னிரண்டு 'பி'