ஜோடி

கம்பெனியில் நான் தைப்பது ஷூவின் மேல்தோல்.
இடதெல்லாம் ஒரு கூடை, வலதெல்லாம் ஒரு கூடை.
எண்ணும்போது மட்டும் ஜோடி.
ஒரு கால் குறைந்தால்
முழு ஜோடியையும் கழித்துவிடுவார் சூப்பர்வைசர்.

அந்தப் பழக்கத்தில்தான்
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில்
குணவதி பேபி ஒன்று, குணவதி பேபி இரண்டு என்று
பிளாஸ்டரில் எழுதிக் கணுக்காலில் ஒட்டியபோது
நான் கால்களை எண்ணினேன்.
நான்கு. கணக்கு சரி.

பெரியவள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிராம்.
சின்னவன் ஆயிரத்து அறுநூறு.
அவன் வாய்
ஐலெட் ஓட்டை அளவுதான் இருந்தது.

பதினெட்டாம் நாள்
குடியாத்தத்தில் பஸ் மாறி
பேரணாம்பட்டு வந்து சேர்ந்தோம்.
பார்க்க வந்தவர்கள்
பிள்ளைகளைப் பார்க்கும் முன்பே
என் நைட்டியைப் பார்த்தார்கள்.
"பால் கீதா?"
"ரெண்டுக்கும் பத்துமா?"
குழாயில் தண்ணி வருதா என்று கேட்கிற அதே குரல்.
எங்கள் தெருவில் அது
ஒன்பது நாளைக்கு ஒருமுறை வரும்.

பூண்டை உரித்து உரித்து
என் கணவரின் நகக்கண் எரிந்தது.
அத்தை பால்சுறா தேடி
ஆம்பூர் சந்தைவரை போய்
விலை கேட்டு வாயடைத்துத் திரும்பினாள்,
கையில் முருங்கைக் கீரையோடு.
கேன் தண்ணீரில் எனக்கென்று ஒரு சொம்பைத் தனியாக எடுத்துவைத்து
யாரும் தொடக் கூடாது என்றார் அவர்.
வெயில் நூற்று ஏழு.
அவர் தாகத்தோடு படுத்தது
எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்.

எல்லாம் தின்றேன்.
வியர்வைதான் நன்றாக ஊறியது.

பிறகு அலமாரியில் ஒரு பவுடர் டின் வந்து உட்கார்ந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
கரண்டி மட்டும் டின்னில் மோதி
சத்தம் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஷாகிரா வந்தாள்.
லைனில் என் பக்கத்து மெஷின்.
புர்காவை ஆணியில் மாட்டிவிட்டு
பிரியாணிப் பொட்டலத்தை மூலையில் வைத்துவிட்டு
"ஒண்ணு ஒண்ணா ஏன் குடுக்கிறே?
ஆர்டர் பாதி போட்டா லைன் பாதிதானே ஓடும்" என்றாள்.
இரண்டு தலையணை, ஒரு மடித்த போர்வை.
இந்தக் கக்கத்தில் ஒருத்தி,
அந்தக் கக்கத்தில் ஒருத்தன்,
கால்கள் நான்கும் என் முதுகுப் பக்கம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
கூச்சமும் வந்தது.
அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு
பிரியாணியைப் பிரித்து எனக்கு ஊட்டினாள்.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் சின்னவன் தூங்கிப்போனான்.
இரவில் பிழிந்தெடுத்தேன், அரை சங்கு.
கை மரத்துப்போனது.
பீஸ் ரேட்டில் பண்டிகைக்கு முந்தின வாரம் தைத்ததுபோல
இரண்டு மணிக்கு, நான்கு மணிக்கு, ஆறு மணிக்கு.

எத்தனையாவது நாள் என்று தெரியாது, நோட்டில் எழுதவில்லை.
விடியவில்லை.
மசூதியில் மைக் தட்டும் சத்தம்.
பெரியவள் முரடி, இடது பக்கம் இழுத்தாள்.
இழுத்தாள், இழுத்தாள்.
சட்டென்று மார்புக்குள் குத்தூசிகள் ஓடின,
இரண்டு பக்கமும்.

வலது பக்கம் சின்னவன்
சும்மா வாய் வைத்துக்கொண்டுதான் கிடந்தான்.
அவன் வாயில் தானாக வந்து விழுந்தது.
திடுக்கிட்டான்.
கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.
முழுங்கினான்.
அந்தச் சத்தம், "க்ளுக்".
கடைவாயில் வழிந்து என் முழங்கைவரை வந்தது.

அடியே,
உன் தம்பிக்கும் சேர்த்தா இழுத்தாய்?

டின் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.
ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கரண்டி,
முடியாத நாளில் இரண்டு.
வெட்கமில்லை.
போன வாரம் நர்ஸ் தூக்குத் தராசில் போட்டபோது
சின்னவன் இருநூற்றுப் பத்துக் கிராம் ஏறியிருந்தான்.
பெரியவள் நூற்று ஐம்பதுதான்.
நர்ஸ் இரண்டையும் கூட்டி எழுதப் போனாள்.

தனித்தனியாக எழுதுங்க சிஸ்டர் என்றேன்.