கிராம் கணக்கு

ஓல்ட்டன் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம்,
மூன்றாம் மாடி, என் குசினி மேசை.
மா நிறுக்கும் தராசில்
வினோதரன் பல் தூரிகையை வைக்கிறான்.
பதினெட்டு கிராம்.
பிடியைப் பாதியில் முறித்து
மறுபடி வைக்கிறான்.
பதினொன்று.
கோட்டை பிடித்தவன் போல எங்களைப் பார்க்கிறான்.

ஜெனனி கொண்டுவந்த பருத்தித்துறை வடை மட்டும்
தராசில் ஏறவில்லை.
"அது சாப்பாடில்லை, மருந்து.
மருந்தை ஆரும் நிறுக்கிறதோ?"

வரைபடத்தில் ஜூரா முகடு.
உயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு
தண்ணீர் கூடிப்போன இடியப்பம் மாதிரி.
அதற்குள் விரலை விட்டு
இரண்டு நாள் நடந்துவிட்டோம்
கதிரையில் இருந்தபடியே.

திகதிதான் பிடிபடவில்லை.
ஜூன் முதற்கிழமை ஜெனனிக்கு
முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
அடுத்ததில் வினோதரனின் மச்சாள் மகளுக்குச் சாமத்தியவீடு,
ஹோலுக்குக் காசும் கட்டியாச்சு.
மூன்றாவதில் எனக்கு உடுப்புத் தோய்க்கிற முறை.
சிரிக்காதீர்கள்.
இந்தக் கட்டடத்தில் நிலவறைச் சாவி
மூன்று கிழமைக்கு ஒருக்கால்தான் கைக்கு வரும்.
நாலாவதில் மழை என்றான் செந்தூரன்.
அவன் எந்தக் கிழமையைக் கேட்டாலும்
மழை என்றுதான் சொல்வான்.

புல்வெளிக்காரியோடு நான்தான் கதைத்தேன்,
பெட்டி கழுவும் வேலையில் பொறுக்கின ஜெர்மனில்.
ஃபிராவ் ஏஷ்லிமான் கேட்டாள்:
எத்தனை பேர்? நாய் இருக்கா? நெருப்பு மூட்டுவீங்களா?
கன்றோடு நிற்கிற மாட்டுக்குக் கிட்டப் போகாதீங்க.
விடியப் பால் வேணுமென்றால்
பாத்திரத்தோடு வாங்க.
பாத்திரம்: நூற்று நாற்பது கிராம்.
வினோதரன் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டான்.

வாட்ஸப்பில் எங்கள் குழுவுக்கு
ஜெனனி வைத்த பெயர் 'முகாம்'.
ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால்
'புல்வெளி' என்று இருந்தது.
மாற்றியது யாரென்று போனே சொன்னது.
நாங்கள் யாரும் கேட்கவில்லை.
ஜெனனி ஒரு மாட்டின் படம் போட்டாள்.

இன்றைக்கு
கூடாரம் தராசைவிடப் பெரிதென்று
வினோதரன் அதைக் கட்டிப்பிடித்து
குளியலறைத் தராசில் ஏறி
தன் எடையைக் கழித்துக்கொண்டிருக்கும்போது,
வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த செந்தூரன்
திரும்பாமலே சொன்னான்:
"மூண்டு பேருக்குள்ளது காணும்.
நான் தறப்பாளுக்குக் கீழ படுத்தது போதும்."

குளிர்ப்பெட்டி மட்டும்
கொஞ்சநேரம் இரைந்தது.
பாசலுக்குப் போகும் சரக்கு ரயில் ஒன்று
தன் பெட்டிகளை எல்லாம் எண்ணிக் காட்டிப் போனது.
இது துணியடா,
நல்ல விலை கொடுத்து வாங்கின துணி,
பச்சை நிறம், சிப் வைத்தது
என்று சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
துணியைப் பற்றி
அவனுக்கு நான் என்ன சொல்ல?

குளியலறையிலிருந்து வினோதரனின் குரல்:
"அப்ப சின்னக் கூடாரம்.
ஒரு கிலோ நூற்றைம்பது குறைஞ்சுது.
மச்சான், நீ தெய்வமடா."

செந்தூரன் சிரித்தான்.
வெங்காயக் கண்ணீரோடு சிரிப்பவனைப் பார்த்து
எதையும் முடிவுசெய்ய முடியாது.

"மழை பெய்தால்?" என்றாள் ஜெனனி.
"நனைவன்."
"நரி வந்தால்?"
"வடை குடுப்பன்."
"அது மருந்து!"

பட்டியலில் அவன் பெயருக்கு நேரே எழுதினாள்:
நித்திரைப் பை, பாய் ஒன்று,
தலைக்கு மேல் ஒன்றுமில்லை.
வினோதரன் அந்தக் கடைசி வரிக்கும்
எடைக் கட்டத்தில்
பூச்சியம் போட்டான்.

கறி கொதிக்கத் தொடங்கியபோது
செந்தூரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து
வரைபடத்தில் ஏஷ்லிமானின் புல்வெளியைத் தேடினான்.
விரலில் இருந்த மஞ்சள்
முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டது.
"கூடார வாசலை இந்தப் பக்கமா வையுங்கோ.
நான் இதில கிடப்பன்.
நித்திரை வராட்டில் கதைக்கலாம்."

திகதி இன்னும் முடிவாகவில்லை.
நாளைக்குக் கீழ்வீட்டு ஃபிராவ் புர்க்கியிடம் போய்
சாவியை மாற்றித் தருவாவோ என்று
கேட்க வேண்டும்.