வலப்பக்கம்

மூன்று கிழமையாய் இந்தக் கார்
இடப்பக்கம் மட்டும்தான் பேசியது.
வலம் திரும்ப வேண்டுமென்றால்
கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டுவேன்.
ஜூன் மழை முழங்கை வரைக்கும் ஏறும்.
காலி வீதியில் என்னை முந்திய நூறாம் நம்பர் பஸ்ஸில்
மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டர்
என் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு மொரிஸ் மைனர்.
என்னைவிட நான்கு வயது மூத்தது.

லயனல் பாஸின் போன் தெமட்டகொடையில் எங்கோ
அடித்து அடித்து ஓய்ந்தது.
போயா.
பஞ்சிகாவத்தையில் ஒரு திருகாணி கூட வாங்க முடியாது.
பழைய பாயை விரித்து
பிளாட்டின் கீழே, சீமெந்தில்,
நுளம்புகளோடு நானே படுத்தேன்.

முதலில் பல்பைச் சந்தேகித்தேன்,
எல்லோரும் அதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.
இடத்துப் பல்பை வலத்தில் போட்டேன்: இருட்டு.
வலத்துப் பல்பை இடத்தில் போட்டேன்:
ஒன்றும் நடவாதது போல் மஞ்சளாய்ச் சிமிட்டியது.
பல்பே, மன்னித்துக்கொள்.

ஃபியூஸ் இரண்டும் நலம்.
டாஷ்போர்டுக்குக் கீழே அந்தத் தகரக் குப்பி
சூடாகி ஆறி, சூடாகி ஆறி, டிக் என்கிறது.
இடத்துக்கு உழைக்கிற குப்பி
வலத்துக்கு மட்டுமா வேலைநிறுத்தம் செய்யும்?
அதையும் விட்டேன்.

பச்சையில் வெள்ளைக்கோடு வலம்.
பச்சையில் சிவப்புக்கோடு இடம்.
அறுபது வருஷத்து அழுக்கில் இரண்டும் கறுப்பு.
எச்சில் தொட்டுத் துடைத்துத்தான்
எது எந்தக் கட்சி என்று கண்டேன்.

பின்னால் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.
பன்சலைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு
காவலாளி விமலதாச வந்து குந்தினார்.
"பத்துதா?" என்றேன்.
"பத்துவென்னே நே" என்றார்.
ஒரே சொல்லின் இரண்டு முனைகளை
ஆளுக்கொன்றாய்ப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் இருந்தோம், அவரும் நானும்,
நடுவில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு.

பிறகு கால் வலித்து நான் பிறேக்கை மிதித்தேன்.
"பொட்டக் இன்ன, மிஸ்!
டிகக் பத்துவுணா."
பிறேக்குக்குச் சிவப்புத்தானே எரியவேண்டும்?
மஞ்சளும் எரிந்ததாம், மங்கலாய், களவாய்.
ஆ.
தன் வாசல் அடைபட்ட மின்சாரம்
பக்கத்து வீட்டுக்குள்ளால் போகப் பார்க்கிறது.

எர்த்.

விளக்கைக் கழற்றினேன்.
கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட
நுகேகொடைக்காரர் ஒருவர் அடித்த வெள்ளைப் பெயின்ற்,
திருகாணியின் அடிவரைக்கும்.
அதன் கீழ் ஒரு பழைய நீலம்.
அதன் கீழ் வெள்ளவத்தைக் கடற்காற்று
துருவாய் உட்கார்ந்திருந்தது.
எத்தனை மணப்பெண்களை ஏற்றிப் போயிருக்கும்,
வலப்பக்கம் செத்தபடி.

எர்த் என்கிறார்கள். ஆனால் இந்தக் கார்
ஒருநாளும் நிலத்தைத் தொட்டதில்லை.
நான்கு ரப்பரின்மேல்தான் அறுபது வருஷம்.
அது மண் என்று சொல்வது தன் உடம்பை.
அந்த உடம்பிலே ஒரு சதக் காசளவு இடம்
பூச்சில்லாமல், வெறும் இரும்பாய்க் கிடந்தால்
போன மின்சாரம் வீடு வந்து சேரும்.

மண்கடதாசியால் தேய்த்தேன்.
நகம் உடைந்தது. இரும்பு வெளுத்தது.

"பத்துவுணா!"
விமலதாச இரண்டு கையையும் உயர்த்தினார்.
வெள்ளைச் சட்டையில் மஞ்சள் வந்து வந்து போனது.

அன்றிரவு மரைன் டிரைவில்
ஐஸ்கிறீமுக்கு நிறுத்தி, பிறகு
வலம் காட்டி, பெருமையாய், ஓரத்திலிருந்து காரை எடுத்தேன்.
அந்தத் தண்டு தானாய்த் திரும்பி வராது
என்பது ஞாபகமில்லை.
வலத்தில் தண்டவாளம். கற்கள். அப்பால்
நிலவு கொட்டிய தண்ணீர்.
டிக். டிக். டிக்.
பக்கத்தில் வந்த ஓட்டோக்காரன் தலையை நீட்டினான்:
"அக்கா, கடலுக்குள்ளயா திரும்பப் போறீங்கள்?"

இன்னும் கொஞ்சத் தூரம்
நான் அதை அணைக்கவில்லை.