நான்கு நீளத் திருகாணிகள்

இழுப்பறைகளை அடியிலிருந்து மேலாகத் திறந்திருந்தார்கள்.
ஒன்றை மூடாமலே அடுத்ததைப் பார்த்துவிடலாம்,
நேரம் மிச்சம்
என்றார் போலீஸ்காரர், பாதி மெச்சும் குரலில்.
இத்தனை வருஷமாக நான்
மேலிருந்து கீழாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போனது மடிக்கணினி, கைக்கடிகாரம்,
பழைய திராக்மா நாணயங்கள் நிறைந்த காப்பி டப்பா.
அந்தக் காசு இனி எங்கும் செல்லாதென்று
இந்நேரம் யாராவது அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.
ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு
ஒழுங்காக மூடியும் போயிருக்கிறார்கள்.
எதையும் தொடவில்லை.
ஏனோ அதுதான் அவமானமாக இருந்தது.

ரேகைக்காகத் தூவிய கரும்பொடி
சுவிட்சைச் சுற்றி, மேசை விளிம்பில், குளியலறைக் கண்ணாடியில்.
துடைக்கத் துடைக்கப் பரவுகிறது.
இரண்டு இரவு ஆய்வுக்கூடத்துச் சோபாவில் தூங்கினேன்,
ரத்தக் குழாய்கள் சுழலும் இரைச்சலுக்குப் பக்கத்தில்.

மூன்றாம் நாள் ஸ்ட்ராடோஸ் வந்தார்
வாயில் எள் தூவிய ரொட்டி வளையமும்
தோளில் கருவிப்பையுமாக.
ஒடிந்த பூட்டின் உள்ளுருளையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்,
பல் மருத்துவர் பிடுங்கிய பல்லைக் காட்டுவதுபோல.
"நல்ல பூட்டுதான். அரை விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.
இடுக்கிக்கு அது போதும்."
அப்படியானால் உடைக்கவே முடியாத பூட்டு?
சிரித்தார். "நான் பூட்டு விற்பதில்லை.
ஐந்து நிமிஷம் விற்கிறேன்.
ஐந்து நிமிஷம் நிற்கத் திருடனுக்குப் பொறுமை கிடையாது."

கதவுக்கு முன்னால் சட்டம்தான் தோற்கும் என்றார் பிறகு.
புகார் எண் எழுதிய தாளைப் பிடித்தபடி
ஆமாம் என்று தலையாட்டினேன்.
அவர் சொன்னது மரச்சட்டத்தை.
நான்கு நீளத் திருகாணிகள், சுவரின் எலும்புவரை.
காரை உதிர்ந்து என் செருப்பில் விழுந்தது.

கீழே இறங்கும்போது
அழைப்புமணிப் பலகையில் என் பெயரை நகத்தால் சுரண்டினார்.
முழுப்பெயர் வேண்டாமாம். பெயரின் வாலே போதுமாம்
உள்ளே இருப்பது பெண் என்று காட்டிக்கொடுக்க.
ஒற்றை எழுத்து ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்.
யாருடையதாகவும் இருக்கலாம் அது.

மாடிப்படியில் மீனாஸ்.
மேல்வீடு. ஏழு வருஷத்தில்
எங்களுக்குள் வணக்கமும் குப்பை வண்டி நேரமும் மட்டும்.
"அன்றைக்குச் சத்தம் கேட்டது.
நீங்கள் அலமாரி நகர்த்துகிறீர்கள் என்று நினைத்தேன்."
மிதியடியைப் பார்த்தே சொன்னார்.
நான் எதையும் நகர்த்துவதில்லை, மீனாஸ்.
வந்த நாளில் போட்ட இடத்தில்தான்
நாற்காலிகூட நிற்கிறது.
ஆனால் அது உங்களுக்கு எப்படித் தெரியும்?
இதைச் சொல்லவில்லை. பரவாயில்லை என்றேன்.

இன்று வர்தாரிஸ் காற்று
தெருவில் குப்பைத்தொட்டி மூடிகளை அறைகிறது.
எதிர்ச்சாரியில் கசப்பு ஆரஞ்சு மரத்தடியில் நின்று
என் வீட்டைத் திருடப் பார்க்கிறேன்.
மழைக்குழாய் வழியே ஏறலாம்.
பின்பக்கத்துக் கதிர்க்கதவில் ஒரு பலகை தளர்ந்திருக்கிறது, நாளைக்கு மாற்றவேண்டும்.
பால்கனியில் ஏணி.
ஏணியை யார் பால்கனியில் வைப்பார்கள்? நான்.
ஏழு நாற்பதுக்கு
நேரம் குறித்துவைத்த விளக்கு தானாக எரிந்தது.
திரைச்சீலைக்குப் பின்னால் மஞ்சள்.
யாரோ இருக்கிறார்கள்
என்று ஒரு கணம் நானும் நம்பிவிட்டேன்.
சூப் கொதிக்கிறது, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பார்கள் என்று.

"யாரது அங்கே?"
மூன்றாம் மாடிக் கைப்பிடிமேல் பாதி உடம்பு வெளியே தெரிய மீனாஸ்,
கையில் ஏதோ, கரண்டியோ சுத்தியோ.
அத்தனை அதட்டல். அவ்வளவு பயம்.
இந்தத் தெருவில் இதுவரை என்னை யாரும்
யாரென்று கேட்டதில்லை.

"எவான்தியா!" என்று கத்தினேன்.
காற்று பாதியைத் தின்றது. மறுபடி கத்தினேன்:
"எவான்தியா கரிபிடூ! இரண்டாம் மாடி! தனியாக!"
வாலோடு முழுப்பெயரும்
இரண்டு முனையும் கேட்க.

ஸ்ட்ராடோஸ் கேட்டிருந்தால்
தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.