பதினேழு தாள்

மாலேக் துறைமுகத்தில் விடிய
இன்னும் மூன்று மணி நேரம்.
டார்க்வில்லின் படகுக்குப் பெயர் கடல்மீன்.
அவன் மொழியில் அது நீந்துகிற மீனல்ல,
வானத்து மீன்.
சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான்.
இப்போது யாரும் கேட்பதுமில்லை.

சிங்கி இறால்களைச் சேர்த்துப் போடக் கூடாது.
போட்டால் ஒன்றன் காலை ஒன்று முறிக்கும்.
அதனால் ஆளுக்கொரு குழாய்,
தேனடைபோல் ஒரு பெட்டி.
வால் கீழே, கொடுக்கு மேலே,
மிளகுக் கண்கள் மட்டும் எட்டிப் பார்க்கும்.

முன்பெல்லாம் ஒரு துண்டுச் சீட்டு போதும்:
எத்தனை பெட்டி, யாருடையவை.
அதையும் ஓட்டுநர்
சிகரெட் அட்டையின் முதுகில் கிறுக்கிக்கொள்வான்.
திங்கள் இரவு கடலில் கிடந்தது
புதனோ வியாழனோ
வீகோ நகரத்தில் எவர் தட்டிலோ கிடக்கும்.

இப்போது பதினேழு தாள்.
தாளுக்குத் தாள் முத்திரை,
முத்திரைக்குக் கீழே கையெழுத்து,
அதுவும் அச்சு மையின் நிறத்தில் இருக்கக் கூடாது.
கறுப்பில் போட்ட வாரம்
மொத்த லாரியும் பூலோன் துறையில் நின்றது.
பதினொரு படகுகளின் சரக்கு,
பிழை ஒருவன் தாளில்.
இன்னொரு வாரம்,
லத்தீன் பெயரில் நார்வே என்றிருக்கிறதே,
இது நார்வேயா ஸ்காட்லாந்தா என்று
அதிகாரி கேட்டதாகப் பேச்சு.
சிரித்தார்கள்.
சிரித்து முடிப்பதற்குள்
பெட்டிக்குள் கொடுக்குகள் தளர்ந்துவிட்டன.
திருப்பி அனுப்பவும் தாள் வேண்டுமாம்.

அவனும் வாக்களித்தவன்தான்.
வெளியேறு என்ற கட்டத்தில்
கயிற்றில் கட்டிய பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.
இரண்டு நொடி.
யாராவது கேட்டால் மறுக்க மாட்டான்.
அயல்நாட்டுப் பெரும்படகுகள்
இரவெல்லாம் விளக்கெரித்துக்
கடலின் அடிமடியில் கை வைத்ததைக்
கண்ணால் பார்த்தவன்.
கடல் திரும்பி வரும் என்றார்கள்.
கடல் எங்கே போயிருந்தது?
வாங்குகிறவன்தான் போய்விட்டான்.
வைடோட்டாஸும் போய்விட்டான்,
ஆறு வருடம் அவனோடு கூடு இழுத்த லிதுவேனியன்.
உன்மேல் கோபமில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.
அதுதான் டார்க்வில்லுக்குக் கோபம்.
கடைக் கண்ணாடியில் ஆள் தேவை என்ற அட்டை
வெயிலில் வெளுக்கவில்லை, இங்கே வெயில் ஏது,
ஈரம் குடித்து உப்பியிருக்கிறது.

கால்நடை மருத்துவர் வந்துவிட்டாள். இரியா.
வீகோவுக்கு எதிர்க்கரைதான் அவள் ஊர்.
இந்தப் பெட்டிகள் இறங்கும் சந்தையிலிருந்து
படகேறினால் அரைமணியில் அவள் அம்மா வீடு.
ஒரு குழாயை உருவி வாலைத் தொடுகிறாள்.
சுண்டியது.
உயிர் இருக்கிறது என்று எழுதுகிறாள்,
நீலத்தில்.

நீ இங்கேயே இருப்பாயா,
கேட்டுவிட்டான்.
கேட்டிருக்க வேண்டாம்.
அவள் போனைத் திருப்பிக் காட்டினாள்:
ஓர் எண், பாதி வந்த ஒரு முகம்,
சிக்னல் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம்.
"எனக்கு ஒரு தாள்கூட இல்லை டார்க்வில்.
இறாலுக்குத்தான் பதினேழு."
வேடிக்கையாகத்தான் சொன்னாள்.
அவன் தன் ரப்பர் காலணியில் ஒட்டியிருந்த
செதிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே லாரி உறுமியபடி நிற்கிறது.
நாற்பது பெட்டி. பாதி விலை.
அதுவும் உயிரோடு போய்ச் சேர்ந்தால்.
குளிரில் மை இறுகிப்
பதினான்காம் தாளில் முத்திரை விழவில்லை.
மறுபடி அழுத்தினாள்.
நிறமில்லாத வெறும் பள்ளம்.
முத்திரைக் கட்டையை வாயருகே கொண்டுபோய்
ஆவென்று சூடாக ஊதுகிறாள்,
மூக்குக் கண்ணாடி துடைப்பவர்களைப்போல.
இன்னொரு தரம்.