செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

அந்த ஏரியை நான் பார்த்ததே இல்லை.
ஆஸ்லோவுக்குத் தபாலில் வரும் அது,
வாரம் ஒரு குப்பி,
வியாழன் காலை,
சில சமயம் பாதி உறைந்து.

அனுப்புகிறவர் சிக்வார்ட் தெவெய்ட்,
மரம் வெட்டுகிறவர்.
ஏரியை விட்டு ஓடை இறங்கும் மதகில்
செவ்வாய்தோறும் குனிகிறார்.
லேபிளில் தேதி, நீர்மட்டம்,
இடமிருந்தால் ஒரு சொல்:
பனி. காற்று. மறுபடி பனி.

எழுபத்தாறில் பிஎச் நாலரை என்றது கருவி.
கருவியைத்தான் முதலில் சந்தேகித்தேன்.
தண்ணீர் அத்தனை தெளிவு.
தெளிவுதான் நோய் என்று புரிய
மூன்று குளிர்காலம் ஆனது எனக்கு.
அதற்குள் லேபிளே சொல்லிவிட்டது: மீன் இல்லை.

பிறகு கடலுக்கு அப்பாலிருந்த புகைபோக்கிகள் பற்றிக் கூட்டங்கள்,
கூட்டங்களுக்கு என் வரைபடம்.
அமைச்சகம் இருமுறை கேட்டது:
மாறாத எண்ணை ஏன் அளக்கிறீர்கள்?
‘மாறும்வரை’ என்று எழுதினேன்,
அடித்தேன்,
செலவுக் கணக்கை மட்டும் அனுப்பினேன்.

ஒரே ஒரு வாரம் குப்பி வரவில்லை,
எண்பத்தொன்பது மார்ச்சில்.
இரு புள்ளிகளையும் கோட்டால் இணைத்திருக்கலாம்.
இணைக்கவில்லை.
அடுத்த லேபிளில்: குன்வோர் அடக்கம்.

கந்தகம் மயிரிழை மயிரிழையாக இறங்கியது.
வாங்கி வைத்ததைத் திருப்பித் தர
ஸ்ப்ரூஸ் காட்டுக்கு அவசரமில்லை.
தண்ணீர் இப்போது தேநீர் நிறம்.
நல்லதா என்று இன்னும் வாதாடுகிறோம்.

போன வாரக் குப்பியில் கையெழுத்து வேறு.
மகளா, புதிய ஆளா, தெரியாது.
தேதி. நீர்மட்டம் பதினொன்று.
பிறகு, பென்சிலில், கேள்விக்குறியோடு:
மீன்?