ஐந்து நிமிடம்

பாகலூர் ரோட்டுக்கு அப்பால்
கல் தீர்ந்துபோன குவாரியின் அடியில்
களிமண் இறுக்கி, அதன்மேல்
கறுப்புத் தாள் விரித்திருக்கிறோம்.
ஒன்றரை மில்லிமீட்டர்.
அதன்மேல் வந்து உட்காரப் போகிறது
பெங்களூர்.

தாளும் தாளும் சேருமிடத்தை
ஹனுமக்கா சூடு வைத்து ஒட்டுகிறாள்;
இரட்டைத் தையல், இடையில்
காற்றுக்கு ஒரு சந்து.
ஊசி குத்திக் காற்றடைத்தால்
முள் எழும்பி நிற்கும்.
ஐந்து நிமிடம் அசையக் கூடாது.
அசையாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க
எனக்குச் சம்பளம்.

பழைய பள்ளம் வாய்வரை ரொம்பிவிட்டது.
மேலே லாரிகள் ராத்திரியிலிருந்து
சொட்டிக்கொண்டு நிற்கின்றன.
‘ஆய்த்தா சார்? ஜல்லி கொட்டணும்’
மூன்றாம் நிமிடத்தில் கேட்டார் சித்தலிங்கையா.

நாலாவதில் முள் சரிந்தது.

சோப்புத் தண்ணி பூசிக்கொண்டே
முட்டி போட்டு நகர்ந்தோம்.
தாள் கொதிக்கிறது, முழங்கால் வேகிறது.
தொண்ணூற்றேழாவது அடியில்
ஒரு குமிழி,
அரைக் கடுகு.

‘இத்துணூண்டுக்கா?’

ஹனுமக்கா நிமிரவில்லை.
குவாரிச் சுவருக்கு அந்தப் பக்கம்
அவள் வீட்டு போர்வெல்,
எண்ணூறு அடி.
துண்டு வெட்டி, ஓரம் சுரண்டி,
உருக்கி ஊற்றி அழுத்தினாள்.

இனி ஜல்லி வரும், குழாய் வரும்,
குப்பை, மண், குப்பை, மண்.
இங்கே ஓர் ஒட்டு இருப்பது
மூன்று பேருக்கும் ஒரு நோட்டுக்கும் தெரியும்:
இணைப்பு நாற்பத்தொன்று, பழுது ஒன்று.

மறுபடி காற்று.
மறுபடி ஐந்து நிமிடம்.
முள் நின்றது.
காட்டலாம் என்று திரும்பினேன்.
கை கழுவத் தண்ணீர் தேடிப்
போயிருந்தாள்.